கணனி விஞ்ஞானப் பட்டப்படிப்பு: நம்ம பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த கையோடு நலன்புரி அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் நம்மிடம் அதிகமாகக் கேட்பது ஒரே கேள்விதான். “ஐயா, புள்ளைய கம்பியூட்டர் படிக்க வச்சா வேல கெடைக்குமா?” இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் கம்பியூட்டர் படிப்பு என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு படிப்புகள் நடக்கின்றன. கடிதம் அடிக்கவும் கணக்கு அட்டவணை போடவும் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுப்பது ஒன்று. பழுதான கணனியைத் திருத்தப் பழக்குவது இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் மூன்று அல்லது நான்கு வருடம் படித்துப் பெறும் கணனி விஞ்ஞானப் பட்டம் இவை இரண்டிலிருந்தும் வேறானது. இம்முறை நாம் எழுதப்போவது அந்தப் பட்டப்படிப்பைப் பற்றியே.

நம்ம பகுதியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் ஆசிரியராக வர வேண்டும், பத்தனை கல்வியியற் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். அதில் குறை ஒன்றுமில்லை. இலவசக் கல்வி இந்த நாட்டில் 1945இல் வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை பெரும்பாலான லயத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்துவிடும். அந்த நிலையிலிருந்து நம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்கள் ஆசிரியர்களே. ஆனால் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால், அதற்கு வேறொரு வாசலும் திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

செக்ரோலில் ஒரு பாடம்

கணனி விஞ்ஞானம் என்றால் கணனியைப் பற்றிய படிப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வேலையை எப்படிப் படிப்படியாக, பிழையில்லாமல், வீண் நேரம் போகாமல் செய்து முடிப்பது என்பதைப் பற்றிய படிப்பு. இங்கிலாந்துக் கணித அறிஞர் அலன் டியூரிங் 1936இல் இந்த விஷயத்தைப் பற்றித் தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோது, இன்று நாம் காணும் கணனி உலகத்தில் எங்கும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது தாளும் பென்சிலும்தான். வீட்டில் கணனி இல்லையே என்று கவலைப்படும் பிள்ளைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு தோட்டத்துச் செக்ரோலில் 1000 பேருடைய பெயர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘முத்தம்மா’ என்ற பெயரைத் தேட வேண்டும். பெயர்கள் கலைந்து கிடந்தால் முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் பத்தாவதாக வரும், இல்லாவிட்டால் ஆயிரமாவதாக வரும். ஆனால் பெயர்கள் அகரவரிசையில் இருந்தால்? நடுவில் உள்ள பெயரைப் பார்க்கிறோம். நாம் தேடும் பெயர் அதற்கு முன்னுக்கு வருமா பின்னுக்கு வருமா என்று தெரிந்துவிடும். ஒரே பார்வையில் பாதிப் பெயர்களைத் தள்ளிவிடலாம். மிச்சம் 500. மறுபடி நடுவில் பார்த்தால் மிச்சம் 250. பிறகு 125, 62, 31, 15, 7, 3, 1. ஆக அதிகபட்சம் பத்தே தடவை பார்த்தால் போதும். பத்து இலட்சம் பெயர்கள் இருந்தாலும் இருபது தடவைதான்.

இப்படி ஒரு வேலைக்கான ஒழுங்கான படிமுறையைத்தான் அல்கோரிதம் என்கிறார்கள். அந்தப் படிமுறையைக் கணனிக்கு விளங்கும் மொழியில் எழுதிக்கொடுப்பது செய்நிரல். பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடங்களில் பெரும்பகுதி இதற்கே போகும். பெயர்களை எப்படி அடுக்கி வைத்தால் சீக்கிரம் தேடலாம், எந்தப் படிமுறை எத்தனை மடங்கு வேகமானது, அது எப்போதும் சரியான விடையைத் தரும் என்பதைக் கணிதத்தால் எப்படி நிரூபிப்பது என்றெல்லாம் படிக்க வேண்டும். இது மனப்பாடத்தால் நடக்காது. கணக்கைப் போட்டுப் பார்த்து, பிழைத்து, திரும்பப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கே இந்தப் படிப்பு சரிவரும்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கணனிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். தமிழின் ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோட் என்ற உலகப் பொது முறையில் 2949 என்று இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். ‘ஆ’ 2950, ‘இ’ 2951. அந்த 2949ஐயும் கணனி பூச்சியமும் ஒன்றுமாக 101110000101 என்றுதான் வைத்துக்கொள்ளும். மஸ்கெலியாவிலிருந்து கொழும்பில் வேலை செய்யும் மகளுக்குக் கைத்தொலைபேசியில் ‘அம்மா’ என்று அனுப்பும்போது போவது இந்தப் பூச்சியங்களும் ஒன்றுகளுமே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2949ஐ இரண்டால் வகுத்து வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதிப் பார்க்கட்டும். இதே விடை வரும்.

கொழுந்து நிறுவையும் கணனியும்

இந்தப் படிப்பு நம்ம சம்பளத்தோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று கேட்கலாம். நேரடியாகவே சம்பந்தப்படுகிறது. முன்பு கணக்கப்பிள்ளை கையால் எழுதிய கொழுந்துக் கணக்கைப் பல இடங்களில் இப்போது மின் தராசும் கணனியும் பார்க்கின்றன. கணக்கப்பிள்ளை பிழையாக எழுதினால் “என்னங்கய்யா, ரெண்டு கிலோ கொறையுதே” என்று அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. கணனியிடம் யார் கேட்பது?

எந்தத் தோட்டத்தையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. கற்பனையாக ஒரு கணக்கை எடுப்போம். ஒரு நாளுக்கு 18 கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று விதி இருக்கிறது. ஓர் அம்மா காலையில் 6.7 கிலோ, பகல் 5.8 கிலோ, மாலையில் 5.9 கிலோ கொழுந்து கொடுக்கிறார். மூன்றையும் கூட்டினால் 18.4 கிலோ. தசமத்தை விட்டுவிட்டாலும் 18 நிற்கிறது. முழுப்பேர் கிடைக்க வேண்டும்.

ஆனால் செய்நிரல் எழுதியவர், ஒவ்வொரு நிறுவையிலும் முதலில் தசமத்தைத் தள்ளிவிட்டுப் பிறகு கூட்டும்படி எழுதிவிட்டார் என்று வையுங்கள். அப்போது 6, 5, 5. கூட்டினால் 16. அரைப்பேர்!

கொழுந்து ஒன்றே, தராசும் ஒன்றே. கூட்டுவது முந்தியா, தசமத்தைத் தள்ளுவது முந்தியா என்ற ஒரு வரி மாறியதில் ஒரு மனுஷியின் அரை நாள் உழைப்பு காணாமல் போய்விட்டது. கணனி பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. எழுதியவரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டியதில்லை. அவர் ஒரு நாளும் கூடை கட்டி மலையில் நின்றதில்லை. கொழுந்து மூன்று தடவை நிறுக்கப்படும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பட்டப்படிப்பில் மென்பொருள் பொறியியல் என்று ஒரு பாடம் வரும். ஒரு செய்நிரலை எழுதும் முன் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் போய் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது, எழுதியதைப் பல விதமான கணக்குகள் கொடுத்துச் சோதிப்பது எல்லாம் அதில் அடங்கும். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மேலே சொன்ன பிழை பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்த அறிவு வேறு எங்கேயும் விலைக்கு வாங்க முடியாதது என்பது நமது அபிப்பிராயம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் கணனியே செய்நிரலை எழுதிக்கொடுத்துவிடுகிறது, பிறகு எதற்குப் படிப்பு என்றும் சிலர் கேட்கிறார்கள். எழுதிக்கொடுப்பது உண்மைதான். ஆனால் கொடுத்தது சரியா பிழையா, 18.4ஐ 16 ஆக்குகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மேலோட்டமாகப் படித்தவருக்கு இனி வேலை கிடைப்பது கஷ்டம். அடிப்படையை ஆழமாகப் படித்தவருக்கு இடம் இருக்கும். பட்டம் வாங்கிய அடுத்த நாளே வேலை என்று நாம் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டோம்.

எந்த வழியாகப் போவது

நேர்வழி உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்க வேண்டும். மூன்றாவது பாடமாக இரசாயனவியலை அல்லது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுப்பவர்கள் அதிகம். கொழும்பு, யாழ்ப்பாணம், றுகுணு பல்கலைக்கழகங்களிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கணனி விஞ்ஞானம் படிக்கலாம். கொழும்பில் இதற்கென்றே தனிக் கல்லூரி 2002இல் அமைந்தது. இலங்கையில் கணனிக் கல்விக்கு வழிவெட்டிய பேராசிரியர் வி.கே. சமரநாயக்க 1987இல் தொடங்கிய நிறுவனமும் அதில் சேர்ந்தது. மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறியியல் படிப்போடு சேர்ந்து கணனிப் படிப்பு உண்டு.

நம்ம பிள்ளைகள் இடறுவது இங்கேதான். தோட்டத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் உயர்தரம் இருக்கும், ஆனால் கலைப்பிரிவு மட்டும் இருக்கும். கணிதப் பிரிவுக்கு ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளை என்று டவுனுக்குப் போக வேண்டும். பஸ் செலவு, தங்குமிடம், டியூஷன் என்று கணக்குப் பார்த்துவிட்டு, “கிட்ட இருக்கிறதப் படி” என்று சொல்லிவிடுகிறோம். கணிதத்தில் ‘ஏ’ எடுத்த பிள்ளையை அந்த ஒரு வாரத்தில் எடுக்கும் முடிவு வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் பெறுபேறு வருமுன்பே, பதினொராம் வகுப்பில் இருக்கும்போதே, எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று விசாரித்து வைக்க வேண்டும். பிள்ளைக்குக் கணிதத்தில் விருப்பமே இல்லையென்றால் கம்பியூட்டருக்காக வலுக்கட்டாயமாக அந்தப் பிரிவில் சேர்க்கவும் கூடாது. இணைந்த கணிதம் சாதாரண தரக் கணிதத்தைவிடப் பல மடங்கு கடினம்.

வேறு கதவுகளும் உண்டு. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கென்று தகவல் தொழில்நுட்பப் பட்டநெறிகள் இருக்கின்றன. வேறு பிரிவுகளில் படித்தோருக்கும் திறந்த தகவல் முறைமைகள் பட்டநெறியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் என்ன பாடம், சாதாரண தரத்தில் என்ன சித்தி என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து லயத்து அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பி விண்ணப்பம் நிரப்பாதீர்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான இசட் புள்ளி வரிசைப்படி போகிறது. 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். கண்டி அடங்காது. பிள்ளை எந்த மாவட்டக் கணக்கில் வரும் என்பது அது படித்த பாடசாலை எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு காலம் படித்தது என்பதைப் பொறுத்தது. “கண்டியில நல்ல வாத்தியார் இருக்காரு” என்று அவசரப்பட்டு மாற்றும் முன் இந்த விதியைக் கைநூலில் வாசித்துவிட்டு மாற்றுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதாமல் போனால் படிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் ஒன்று உண்டு. வேலை செய்துகொண்டே, தானாகப் படித்துப் பரீட்சை எழுதலாம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடமும் முடித்தால் பட்டம். பாதியில் நின்றாலும் கையில் ஒரு பத்திரம் மிஞ்சும் என்பதால், நமது நிலைமைக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் யாரும் பின்னால் நின்று “படி, படி” என்று சொல்ல மாட்டார்கள். தொழிற்பயிற்சி வழியாகப் போகிறவர்களுக்கு தேசிய தொழிற்தகைமை மட்டம் 5, 6 என்று ஏறி, பட்டத்துக்குச் சமமான மட்டம் 7 வரை போகவும் பாதை இருக்கிறது.

ஆங்கிலம்

பதின்மூன்றாம் வகுப்புவரை எல்லாவற்றையும் தமிழில் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான். முதல் மாதம் விரிவுரையில் இருந்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் அழுதுகொண்டு வீட்டுக்குப் போன் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்பகுதிக் கிராமங்களிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்தே கணிதப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் தெரிந்த கணக்கையே ஆங்கிலத்திலும் வாசித்துப் பழகிய பிள்ளை அவ்வளவு தடுமாறாது. பேச்சு ஆங்கிலம் பிறகு வரும். முதலில் தேவைப்படுவது வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆங்கிலம்.

காசு விஷயம்

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. செலவு என்பது சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, அத்தோடு ஒரு மடிக்கணனி. 1981இல் சட்டமாக்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசிலுக்கும், அது கிடைக்காதவர்கள் பர்சரி உதவுதொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மாதம் 5,000 ரூபாயாக இருந்த மஹாபொல 2025இல் 7,500 ஆகக் கூட்டப்பட்டது. வெளியூரில் ஒரு பிள்ளைக்கு இது மட்டும் போதாது. மீதியை வீட்டில் இருந்துதான் அனுப்ப வேண்டும். நான்கு வருடத்துக்கு அதைத் தாங்க முடியுமா என்று பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் நகையை அடகு வைப்பதைவிட அது நல்லது.

தனியார் நிறுவனங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தரமானவையும் இருக்கின்றன. ஆனால் டவுனில் பெரிய பலகை போட்டு, ‘வெளிநாட்டுப் பட்டம்’ என்று சொல்லி இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைசியில் எங்கும் செல்லாத ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. முதல் தவணை கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டத்தைக் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? அது இலங்கையில் ஏற்றுக்கொள்ளப்பட்டதா? அவர்கள் வாயால் சொல்வது போதாது. கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்கலாம், கடிதம் எழுத நாம் உதவுவோம். ஏற்றுக்கொள்ளப்பட்ட சில அரச சார்பற்ற பட்டநெறிகளுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் இருக்கிறது. வட்டி இல்லாவிட்டாலும் அது கடன். பிணை நிற்கிறவர் யார் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பத்திரங்களைச் சரிபார்த்தல்

கடைசியாக ஒரு சின்ன விஷயம் போலத் தெரிகிற பெரிய விஷயம். பல பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும், பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரியும், அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரியும் இருக்கிறது. தகப்பன் பெயர் ‘இராமையா’ ஓரிடத்தில் ‘ராமய்யா’ ஆகிறது, ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு எழுத்து கூடுகிறது. தோட்டத்தில் இருக்கும்வரை இது யாருக்கும் தொந்தரவில்லை. பல்கலைக்கழகப் பதிவு, வங்கிக் கணக்கு, மஹாபொல விண்ணப்பம் என்று வரும்போது ஒவ்வொரு மேசையிலும் பிள்ளையை நிறுத்தி வைப்பார்கள். பதிவுத் திகதியோ இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் செய்யவோ மாதக் கணக்கில் ஆகும்.

ஆகவே பத்தாம், பதினொராம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைகள், பாடசாலை முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பெரட்டு இல்லாத ஒரு நாளில் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். விவாகப் பதிவு செய்யாதவர்களும் தயங்காமல் வரலாம், அதற்கும் வழி இருக்கிறது. பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பெயரை எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்பதை அதன் வாயால்தான் கேட்க வேண்டும்.